செந்நாயைக் காக்கும் ஊசி, வீட்டு நாய்க்குப் போடும் ஊசி

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களிடம் பயிருக்கு முதல் எதிரி எது என்று கேட்டால், புழு பூச்சியைச் சொல்வதற்கு முன் காட்டுப்பன்றியைத்தான் சொல்வார்கள். ஒரே இரவில் இறங்கும் கூட்டம் விளைந்த நெல்லை மிதித்துச் சாய்த்து, வாழைக்கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டு விடிவதற்குள் மலையேறிவிடும். அந்தப் பன்றியைக் கூலி வாங்காமல் வேட்டையாடும் விலங்கு ஒன்று மேலே மலையில் இருக்கிறது. அதுதான் செந்நாய்.

உலகில் அழியும் நிலையில் உள்ள விலங்குகளின் பட்டியலில் செந்நாயும் இருக்கிறது. இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் உலகம் முழுவதிலும் 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-ல் மதிப்பிட்டது. ஒரு காலத்தில் ரஷ்யாவிலிருந்து ஜாவா தீவு வரை பரவியிருந்த விலங்கு அது. அப்படி வாழ்ந்த பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் இன்று அது இல்லை. மிஞ்சியிருக்கும் நல்ல இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று.

அந்த மலைத்தொடரின் தென்கோடியில் தாமிரபரணி பிறக்கும் காடுதான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. 1988-ல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. சுமார் 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காட்டில் புலி, சிறுத்தையோடு செந்நாயும் வாழ்கிறது. அது இனியும் வாழுமா என்பதைக் காப்பகத்து வேலை மட்டும் முடிவு செய்துவிடாது. அடிவாரத்து வீடுகளில் வளரும் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா, தோட்டத்து வேலியில் என்ன கட்டியிருக்கிறது, செத்த மாட்டை எங்கே போடுகிறார்கள் என்ற மூன்று விஷயங்களும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

செந்நாயை எப்படி அடையாளம் காண்பது?

நாட்டு நாய் அளவுதான் இருக்கும். எடை பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ. உடம்பு செம்மண் நிறம், வால் மட்டும் கறுத்து அடர்ந்து குஞ்சம் போலத் தொங்கும். காது நுனி வட்டமாக இருக்கும். நரி தனியாகவோ ஜோடியாகவோ திரியும். செந்நாய் கூட்டமாகத்தான் திரியும். வீட்டு நாயைப் போலக் குரைக்காது. காட்டுக்குள் சிதறிவிட்டால் சீட்டியடிப்பது போன்ற ஒலி எழுப்பி ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். வீட்டு நாய்க்கு 42 பற்கள், செந்நாய்க்கு 40.

கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி ஆகியவை இதன் இரை. பகல் வெளிச்சத்திலேயே வேட்டையாடும். குட்டி போடுவது தென்னிந்தியாவில் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டி, மழை ஓய்ந்த மாதங்களில் நடக்கும். பாறை இடுக்கிலோ ஓடைக்கரை வளையிலோ தாய் குட்டிகளோடு இருக்கும்போது, கூட்டத்தில் உள்ள மற்றவை இரை தின்றுவிட்டு வந்து தாய்க்கும் குட்டிகளுக்கும் கக்கிக் கொடுக்கும். குட்டிகள் வளர்ந்து கூட்டத்தோடு ஓடத் தொடங்கியதும், அடித்த இரையில் முதல் வாய் அவற்றுக்குத்தான்.

நாங்குநேரிக்காரர் செய்த வேலை

செந்நாய்க்கு நம் நாட்டில் நெடுங்காலம் கெட்ட பெயர் இருந்தது. மானை உயிரோடு கிழித்துத் தின்னும் கொடிய விலங்கு என்று வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். ஒரு செந்நாயைக் கொன்றால் இவ்வளவு என்று அரசே பரிசுப் பணம் கொடுத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. வாலில் மூத்திரத்தை நனைத்து மானின் கண்ணில் வீசிக் குருடாக்கும் என்ற கதையும் பல ஊர்களில் உண்டு. அதில் உண்மை இல்லை.

இந்த விலங்கை முறையாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் நம் மாவட்டத்துக்காரர். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார். கழுகும் காகமும் கூடும் இடம் பார்த்துப் போய், அடிபட்ட மானின் வயது என்ன, உடல்நிலை எப்படி என்று குறித்து வைத்தார். பெரிய காட்டு விலங்கு ஒன்றை அது வாழும் காட்டிலேயே ஆராய்ந்த முதல் இந்திய விஞ்ஞானி என்று அவரைச் சொல்வார்கள். பின்னர் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். 2024 ஜூன் மாதம் காலமானார்.

செந்நாய் காட்டின் எதிரி இல்லை, காட்டைச் சமநிலையில் வைத்திருக்கும் வேட்டை விலங்குகளில் ஒன்று என்பது அவரைப் போன்றவர்களின் உழைப்பால் நிலைத்தது. மானும் பன்றியும் அளவோடு இருந்தால்தான் இளங்கன்றுகள் மரமாகும். மரம் இருந்தால்தான் பெய்த மழையை மலை பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். அந்த நீர்தான் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் வழியாகச் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது.

பூட்டான் விவசாயிகள் கொடுத்த விலை

செந்நாய் இல்லாமல் போனால் விவசாயிக்கு என்ன நேரும் என்பதற்கு இமயமலை நாடான பூட்டானில் ஒரு பாடம் இருக்கிறது. மாடு கன்றுகளை அடிக்கிறது என்ற கோபத்தில் 1970, 80-களில் அங்கே செந்நாய்க்குப் பரவலாக நஞ்சு வைத்தார்கள். பல பகுதிகளில் செந்நாய் ஏறக்குறைய இல்லாமலே போனது. அதன்பின் காட்டுப்பன்றி பெருகியது. நெல், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு எதுவும் மிஞ்சவில்லை என்று விவசாயிகள் இரவெல்லாம் காவல் கிடக்க வேண்டி வந்தது. பன்றித் தொல்லை நாட்டின் பெரிய வேளாண் பிரச்சினைகளில் ஒன்றாகிவிட்டது. செந்நாய் பின்னர் மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் போன விளைச்சல் போனதுதான்.

தமிழ்நாட்டு அடிவார விவசாயிக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2025 தொடக்கத்தில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பகுதியில்தான் வனத்துறையினர் காட்டுப்பன்றியைச் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. அதாவது காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி உதவாது. வேலியும் காவலும் போக, மேலே மலையில் பன்றிக்குட்டிகளைக் குறைத்துக்கொண்டிருக்கும் வேட்டை விலங்குகள்தான் அவருக்குத் துணை.

ஒன்றுக்கு வந்தால் கூட்டத்துக்கே வரும்

செந்நாயின் பலம் அதன் கூட்டு வாழ்க்கை. நோய் வந்துவிட்டால் அதுவே பலவீனம். ஒன்றின் வாயை மற்றொன்று நக்குகிறது, ஒன்று கக்கியதை மற்றொன்று தின்கிறது, எல்லாம் ஒரே இடத்தில் படுக்கின்றன. ஒன்றுக்கு நோய் தொற்றினால் கூட்டத்துக்கே தொற்றும். குட்டிகள் முதலில் சாகும்.

இந்த நோய்கள் மூன்று. வெறிநோய் எனும் ரேபிஸ் கடியால் பரவும். டிஸ்டெம்பர் மூச்சுக்காற்றாலும் சளியாலும் பரவும். கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும், காய்ச்சல், கழிச்சல், கடைசியில் வலிப்பு வரும். பார்வோ ரத்தக் கழிச்சலாக வரும். அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூன்றும் வீட்டு நாய்களிடமும் தெரு நாய்களிடமும் இருப்பவை. மாடு மேய்ப்பவரோடு காட்டுக்குள் போகும் நாய், முயல் வேட்டைக்கு ஓட்டிச் செல்லப்படும் கன்னி, சிப்பிப்பாறை நாய், காட்டோரம் கொட்டிய கோழிக்கழிவைத் தின்னப் போகும் தெரு நாய் என ஏதாவது ஒன்று அவற்றை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆப்பிரிக்காவில் செந்நாய்க்கு உறவான காட்டுநாய் ஒன்று உண்டு. மஞ்சள், கறுப்பு, வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும், கூட்டமாக வேட்டையாடும். தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் அந்தக் காட்டுநாய்களுக்கு வெறிநோய் வந்தது உறுதியானது. 1991-க்குள் அங்கிருந்த கூட்டங்களே மறைந்துபோயின. அதே செரெங்கெட்டியில் 1994-ல் டிஸ்டெம்பர் பரவி, மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்தன. நம் நாட்டில் குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் டிஸ்டெம்பர் கிருமி கண்டறியப்பட்டது. சிங்கத்துக்கே அந்தக் கதி என்றால், நாய் இனத்தைச் சேர்ந்த செந்நாய்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

காட்டுக்குள் ஓடும் செந்நாயைப் பிடித்து ஊசி போடுவது நடக்கிற காரியமில்லை. கீழே இருக்கும் நாய்க்குப் போடலாம். அதனால் முதலில் பலன் அடைவது அந்த வீட்டுக் குழந்தைகள்தான். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்து கிடையாது.

நாய்க்கு ஊசி: எப்போது, எப்படி?

- டிஸ்டெம்பர், பார்வோ கூட்டுத் தடுப்பூசி: குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வார வயது ஆகும்வரை அடுத்தடுத்த ஊசிகள். அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.
- வெறிநோய்த் தடுப்பூசி: 3 மாத வயதில் முதல் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும்.
- வெறிநோய் ஊசிக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம்.
- கூட்டுத் தடுப்பூசியை வெளியில் வாங்க வேண்டியிருந்தால் ஐஸ் வைத்த பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்த ஊசி வீண். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் மருத்துவரை வரவழைத்தால் அலைச்சலும் செலவும் குறையும்.
- நோயுள்ள நாய்க்கு ஊசி போடக் கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
- வளர்க்க முடியாத குட்டிகளைக் காட்டோரம் கொண்டுபோய் விடுவது பெரிய தவறு. நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

கண்ணி, நஞ்சு, கள்ள மின்சாரம்

பன்றிக்கென்று வேலியில் கட்டும் கம்பிக் கண்ணிக்கு ஆள் தெரியாது. பன்றியைத் துரத்தி வரும் செந்நாயும் அதில் மாட்டும். காலில் கம்பி இறுகிய செந்நாயால் ஓட முடியாது. ஓட முடியாத செந்நாயால் வேட்டையாடவும் முடியாது.

மாட்டையோ ஆட்டையோ விலங்கு அடித்துவிட்ட ஆத்திரத்தில், அந்த உடலில் பயிருக்குப் போடும் குருணை மருந்தைத் தூவி வைப்பது இன்னும் மோசம். திரும்பத் தின்ன வரும் கூட்டம் மொத்தமும் அதில் சாகும். கழுகு, காகம், ஊர் நாய் எல்லாம் சேர்ந்து சாகும். மழை பெய்தால் அந்த நஞ்சு ஓடைக்கு இறங்கும். அதே ஓடைத் தண்ணீரைத்தான் கீழே மாடு குடிக்கிறது.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரடியாகக் கொடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பன்றி தப்பினாலும் விடியற்காலம் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர் தப்ப மாட்டார். சூரிய மின்வேலி போட விரும்புவோருக்குத் தமிழ்நாடு அரசு 2023-ல் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலமானால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துவிட்டுத்தான் போட வேண்டும்.

செலவு குறைந்த தடுப்பு வழிகளும் உண்டு. வரப்பைச் சுற்றி நாலைந்து வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதைக்கலாம். கிளுவை நட்டு உயிர்வேலி அமைத்து, அடிப்பக்கம் முள் அடைக்கலாம். பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். பன்றி சீக்கிரம் பழகிவிடும் என்பதால் ஒரே முறையைப் பருவம் முழுவதும் நம்பாமல் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கதிர் முற்றும் காலத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் முறை வைத்துக் காவல் கிடப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

பிள்ளைகள் வழியே ஊருக்கு

ஜிம்பாப்வே நாட்டில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி, ஆப்பிரிக்கக் காட்டுநாயைக் காப்பதற்காகவே ஓர் அமைப்பு இயங்குகிறது. பெயர் பெயின்டட் டாக் கன்சர்வேஷன். அங்கேயும் சிக்கல் கம்பிக் கண்ணிதான். காவலர்கள் காட்டுக்குள் நடந்து கண்ணிகளை அகற்றுகிறார்கள். அகற்றிய கம்பியில் ஊர்க்காரர்கள் பொம்மைகள் செய்து விற்றுச் சம்பாதிக்கிறார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளைச் சில நாள் முகாமில் இலவசமாகத் தங்கவைத்து, காட்டுநாயைக் காட்டி, அதன் வாழ்க்கையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காட்டுநாய்க் குட்டி எப்படி வளர்கிறது என்று பார்த்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் கம்பி முறுக்கும் பெரியவரைக் கேள்வி கேட்கும்.

நம் அடிவாரத்துக்கு இந்த வழி புதிதில்லை. 1990-களில் உலக வங்கி உதவியோடு களக்காடு முண்டந்துறையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைத்து, சிறு கடன்களும் மாற்றுத் தொழில்களும் கொடுத்தார்கள். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மலையேறியவர்கள் குறைந்தார்கள். மணிமுத்தாறில் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் பள்ளி மாணவர்களோடும் ஊர் மக்களோடும் வேலை செய்துவருகிறது. பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது.

இவர்களைக் கொண்டே ஒரு சிறிய வேலையைத் தொடங்கலாம். அடிவாரப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு நாய்ப் பதிவேடு வைக்கலாம். எந்தத் தெருவில் எத்தனை நாய், எதற்கு ஊசி போட்டாயிற்று, அடுத்த ஊசி எந்த மாதம் என்று பிள்ளைகளே எழுதட்டும். அந்தக் கணக்கைக் கிராம சபையில் படித்தால், கால்நடை மருந்தகத்திடம் முகாம் கேட்க ஊராட்சிக்குக் கையில் ஒரு பட்டியல் இருக்கும்.

அடிவார விவசாயிகள் கேட்பவை

கேள்வி: செந்நாய் மனிதரைத் தாக்குமா?

பதில்: மனிதரைக் கண்டால் விலகிப் போகும் விலங்கு அது. தாக்கியதாக நம்பத்தகுந்த பதிவுகள் மிக அரிது. கூட்டத்தைப் பார்த்தால் கல் எறியாமல், பின்தொடராமல், நின்று வழிவிட்டால் போதும். இரை தின்றுகொண்டிருக்கும் இடத்திலும், குட்டிகள் இருக்கும் வளைக்கு அருகிலும் போகக் கூடாது. தொந்தரவு அதிகமானால் தாய் குட்டிகளை வேறிடத்துக்குத் தூக்கிப் போக நேரும். அதில் குட்டிகள் சாகலாம்.

கேள்வி: ஆட்டை அடித்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: உடலை அப்புறப்படுத்தாமல் உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வனத்துறையினர் இடத்தைப் பார்த்து, கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கலாம். போட்டோ எடுத்து வைப்பது நல்லது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் மேய்ந்த ஆட்டுக்கு நிவாரணம் கேட்பது கடினம். அந்தி சாயும் முன் பட்டியில் அடைத்துவிடுவதே சிறந்த காப்பு.

கேள்வி: செத்த மாட்டைக் காட்டோரம் போட்டால் காட்டு விலங்கு தின்னட்டுமே?

பதில்: கூடாது. முதலில் வருவது தெரு நாய்கள்தான். அங்கேதான் வீட்டு நாயும் காட்டு விலங்கும் சந்தித்து நோய் மாறும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

கேள்வி: நாய் கடித்துவிட்டால்?

பதில்: காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் அப்பக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போய், சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தது ஊசி போட்ட வளர்ப்பு நாய் என்றாலும் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

கேள்வி: தோட்டத்து நாய் ஒன்றுதான் இருக்கிறது, காட்டுக்கும் போகாது. அதற்கும் ஊசி வேண்டுமா?

பதில்: வேண்டும். இரவில் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெருவில் உள்ள நாய்களில் பத்துக்கு ஏழாவது ஊசி போட்டிருந்தால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும். அந்த ஏழில் ஒன்றாகத் தோட்டத்து நாயும் இருக்கட்டும்.